இன்னும் உள்ளே பிரிவில் ஒரு ஃபைல்

அந்தப் பூட்டுக் கம்பெனியின் மூன்றாவது மாடியில் ‘இன்னும் உள்ளே’ என்று ஒரு பிரிவு இருந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கதவில் பெயர்ப்பலகையே இருந்தது. ஒரு மேனேஜர், ஒரு துணை மேனேஜர், இரண்டு உதவியாளர்கள், ஒன்பது நாற்காலிகள், ஒரு தண்ணீர் ஜாடி. வேலை மட்டும் கிடையாது. எதற்காக இந்தப் பிரிவை ஆரம்பித்தார்கள் என்று கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் தனக்குத் தெரியாது என்பது நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்று யாரும் கேட்கவும் இல்லை. உண்மை தெரிந்த ஒரே ஆள் தங்கச்சி. எட்டு மாதமாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நடமாடினாள்.

தங்கச்சி என்பது அவள் பெயர் இல்லை. கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவள், முப்பத்தாறு வயசு, கண்டிப்பானவள். அவளுடைய அண்ணன் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நடைபாதையில் நின்றுகொண்டு “தங்கச்சீ!” என்று கட்டிடம் அதிர ஒரு சத்தம் போட்டான். அன்றோடு சரி. மறுவாரம் ஜெனரல் மேனேஜரே “தங்கச்சி, அந்த ரிப்போர்ட் என்னாச்சு?” என்று கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டது.

அவள் எழுதியதில் பேர்போனது ஒரு லைப்ரரி. புத்தகம் அடுக்குகிற லைப்ரரி இல்லை. மற்ற புரோகிராமர்கள் ஆளாளுக்கு உட்கார்ந்து எழுதவேண்டிய சில்லறை வேலைகளை ஒரே இடத்தில் எழுதிவைத்து, இந்தா எடுத்துக்கோ என்று கொடுப்பது. ஃபைலை இங்கிருந்து அங்கே நகர்த்து, ஃபோல்டரை உண்டாக்கு, ஃபோல்டரை அழி, இந்த மாதிரி. அதற்கு அவள் ‘எடுபிடி’ என்று பெயர் வைத்திருந்தாள்.

எடுபிடியில் ‘உண்டாக்கு’ இருக்கிறதே, அது சொன்ன சொல் தட்டாது. ஒரு ஃபோல்டருக்குள் இன்னொன்று, அதற்குள் மூன்றாவது ஒன்று வேண்டும் என்று சொன்னால், முதல் இரண்டும் எங்கே என்று திருப்பிக் கேட்காது. இல்லாததை எல்லாம் வரிசையாகக் கட்டிவைத்துவிட்டு, முடிந்தது என்று வந்து நிற்கும். ‘அழி’ அதற்கு நேரெதிர், சரியான பயந்தாங்கொள்ளி. காலி ஃபோல்டர் என்றால்தான் கை வைக்கும். உள்ளே ஒரே ஒரு ஃபைல் இருந்தால் போதும், தொடாது. அதற்காக ஏதாவது ஒன்றைப் போட்டுவைத்து ஏமாற்றவும் முடியாது. ஒன்றும் எழுதாத வெற்று ஃபைலை அது ஃபைலாகவே மதிக்காது. வேறு எங்கேயோ இருப்பதன் நகலையும் மதிக்காது. இவ்வளவு பத்திரமாக எழுதியதில் தங்கச்சிக்குப் பெருமையும் உண்டு.

அந்தப் பெருமைதான் வினையாகப் போனது. ‘உண்டாக்கு’ ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, ‘சோதனை’ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ‘உள்ளே’, அதற்குள் ‘இன்னும் உள்ளே’ என்று உண்டாக்கச் சொன்னாள். தன் கணினியில் செய்யவேண்டியதைக் கவனக்குறைவாகக் கம்பெனியின் பொது டிஸ்க்கில் செய்தாள். மூன்றும் கச்சிதமாக வந்தன. வந்த சந்தோஷத்தில் டீ குடிக்கப் போனவள், திரும்பி வந்து அவற்றை அழிக்க மறந்துபோனாள்.

காலி ஃபோல்டர் மூன்று கிடந்தால் யார் குடி முழுகிவிடும்? முழுகியதே! பணியாளர் பிரிவில் ஒரு புரோகிராம் இருந்தது. பொது டிஸ்க்கில் என்னென்ன ஃபோல்டர் இருக்கிறதோ அத்தனையும் கம்பெனியின் பிரிவுகள் என்று அது நம்பியது. புதிதாக ஒன்று தென்பட்டால் அதற்கு அறை ஒதுக்கும், ஆள் எடுக்க விளம்பரம் கொடுக்கும், நாற்காலி வாங்கச் சொல்லும். அடுத்த திங்கட்கிழமை தச்சர்கள் வந்து இறங்கினார்கள். பெரிய அறை ஒன்றுக்குள் ஓர் அறையைத் தடுத்தார்கள், அதற்குள் இன்னொன்றைத் தடுத்தார்கள். முதல் அறையில் ஒரு உதவியாளர் உட்கார்ந்தார். யார் வந்தாலும் “உள்ளே போங்க” என்பது அவர் வேலை. இரண்டாவது அறையில் ஒருவர், “இன்னும் உள்ளே போங்க” என்பார். மூன்றாவது அறையில் மேனேஜராக ஒரு மேடம் வந்து அமர்ந்தார். முப்பத்திமூன்று வருஷ சர்வீஸ், ஓய்வு பெற அப்போது இன்னும் இருபத்திரண்டு மாதம்.

தச்சர்களைப் பார்த்த அன்றே தங்கச்சி உண்மையைச் சொல்லியிருப்பாள். சொல்லத்தான் கிளம்பினாள். அதற்குள் அண்ணன் ஒரு கவரோடு வந்து வழிமறித்தான்.

“துணை மேனேஜர்! படிச்சுப் பாரு, துணை மேனேஜர்னு போட்டிருக்கான்!”

“எந்தப் பிரிவுண்ணே?” என்றாள், பதில் தெரிந்துகொண்டே.

“இன்னும் உள்ளே! பேரே எவ்வளவு கௌரவமா இருக்கு பாத்தியா? ரகசியமான பிரிவு போலிருக்கு.”

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நாற்பத்தொரு வயசுக்குள் ஆறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்தான், ஆறையும் இழுத்து மூடிவிட்டார்கள். குடைக் கம்பெனி, அச்சாபீஸ், குளிர்பதனக் கிடங்கு என்று போய், கடைசியில் சேர்ந்த சினிமா தியேட்டர் அவன் சேர்ந்த பதினோராவது நாள் மூடியது. அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. நன்றாகத்தான் வேலை செய்வான். ஆனாலும் ஆறு தடவை வீட்டுக்கு வந்து “மூடிட்டாங்க” என்று சொல்லும்போது மனுஷன் எவ்வளவு சுருங்கிப்போவான்? “மாப்பிள்ளை காலை வச்ச இடம்” என்று அண்ணியின் அப்பா சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அண்ணன் விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்தியிருந்தான். கவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த முகத்தைப் பார்த்த பிறகு தங்கச்சிக்கு வாய் வரவில்லை. இதுவும் மூடினால் அண்ணன் தாங்கமாட்டான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வாயை மூடிக்கொண்டாள், எட்டு மாதம் ஓடிவிட்டது.

அந்த எட்டு மாதத்தில் அண்ணன் ஆளே மாறிப்போனான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். சத்தமாகச் சிரித்தான். மகளின் பள்ளிக்கூடத்துப் படிவத்தில் ‘தந்தையின் பணி’ என்ற இடத்தில் பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினான்.

ஒரு புதன்கிழமை பணியாளர் அதிகாரி சுற்றறிக்கையோடு தங்கச்சியின் மேஜைக்கு வந்தார். மீசையைத் தடவிக்கொண்டே பேசுகிறவர், கெட்டவர் இல்லை, விதி என்றால் உயிர்.

“பொது டிஸ்க்குல காலி ஃபோல்டர் எக்கச்சக்கமா கிடக்குதாம் தங்கச்சி. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மொத்தத்தையும் துடைக்கணும். உன் எடுபிடிய வச்சே பண்ணிடலாம்.”

தங்கச்சி சுற்றறிக்கையை வாங்கிக்கொண்டாள். “அந்த ஃபோல்டர்ல ஆளுங்க யாராவது இருந்தா சார்?”

“ஃபோல்டர் இல்லன்னா பிரிவு இல்ல. பிரிவு இல்லன்னா அதுல ஆளு எப்படி இருப்பான்?” என்றார் அவர், ரொம்ப நியாயமாக.

‘இன்னும் உள்ளே’ சுத்தமாகக் காலி. அது போனால் அதைச் சுமக்கிற ‘உள்ளே’ காலியாகும், அப்புறம் ‘சோதனை’. மூன்றும் போய்விடும், நாலு பேரும் போய்விடுவார்கள்.

“சார், ‘அழி’யில ஒரு சின்ன மாற்றம் பண்ணிக்கலாமா?”

“தாராளமா! எடுபிடியில ஒரு எழுத்து மாத்தணும்னாலும் அதைப் பயன்படுத்துற முப்பத்தெட்டு பிரிவும் கையெழுத்து போடணும். மூணு வாரம் ஆகும். நீ போட்ட விதிதானேம்மா, மறந்துட்டியா?”

சுற்றறிக்கையைப் படித்தாள். உள்ளே இருக்கிற ஃபைல் செல்லுபடியாகவேண்டும் என்றால், அந்தப் பிரிவில் உண்மையிலேயே நடந்த ஒரு நிகழ்வு அதில் இருக்கவேண்டும். மேனேஜர் அதற்குச் சான்று எழுதிக் கையெழுத்து போடவேண்டும். கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: ‘கூட்டம் நடந்தது நிகழ்வு ஆகாது.’

“இதென்ன சார், கூட்டம் ஆகாதுன்னு?”

“கூட்டத்தைச் சேர்த்துக்கிட்டா இந்தக் கம்பெனியில ஒரு ஃபோல்டரைக்கூட அழிக்க முடியாதும்மா” என்றார் அதிகாரி.

மறுநாள் காலையில் தங்கச்சி மூன்றாவது மாடிக்குப் போனாள். முதல் அறைக்காரர் “உள்ளே போங்க” என்றார். இரண்டாம் அறைக்காரர் “இன்னும் உள்ளே போங்க” என்றார். மூன்றாவது அறையில் மேடமும் அண்ணனும் தினசரிக் கூட்டத்தில் இருந்தார்கள். நம் பிரிவின் பணி என்னவாக இருக்கக்கூடும் என்பது பொருள். எட்டு மாதமாக அதே பொருள்தான். தங்கச்சி நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சை இழுத்து விட்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சோதனை, டீ, மறதி, ஒன்றையும் விடவில்லை.



“அப்போ இது ரகசியப் பிரிவு இல்லையா?” என்றான் அண்ணன்.

“இல்லண்ணே. நான் டீ குடிக்கப் போனதுதான் பிரிவு.”

“அடிப்பாவி!” என்றான். “எட்டு மாசமா நான் வீட்டுல என் வேலையைப் பத்தி வாயே திறக்கல. ரகசியம், வெளியில சொல்லக்கூடாதுன்னு உங்க அண்ணிகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்!”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வருத்தப்பட்டுப் பிரயோஜனம் இல்லை, தங்கச்சி. ஒரு ஃபைல் வேணும், அவ்வளவுதானே? உண்மையா நடந்தது எதையாவது சொல்லுங்க, எழுதி நான் கையெழுத்து போடறேன். பொய்க் கையெழுத்து மட்டும் கேட்காதீங்க. முப்பத்திமூணு வருஷம் போட்டதில்லை, கடைசிப் பதினாலு மாசத்துல போட மாட்டேன்.”

இரண்டு உதவியாளர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து யோசித்தார்கள். இந்தப் பிரிவில் என்ன நடந்தது? ஒரு மண்ணும் நடக்கவில்லை என்பதுதான் உண்மை. நாலு பேரும் வேலைக்குச் சேர்ந்தது நிகழ்வுதான். ஆனால் அந்த உத்தரவின் மூலம் பணியாளர் பிரிவில் இருக்கிறது, இங்கே இருப்பது நகல். வருகைப் பதிவும் அப்படியே. லீவு போடலாம் என்றால், லீவுக் கடிதத்தின் மூலமும் பணியாளர் பிரிவுக்குத்தான் போகும். அதுவும் இல்லாமல் ஒருவரும் எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. இவ்வளவு நிம்மதியான இடத்தை விட்டுவிட்டு எங்கே போவார்கள்?

வெள்ளிக்கிழமை காலையில் முதல் அறைக்காரர் ஒரு யோசனையோடு வந்தார். “நாற்காலி ஒண்ணை உடைச்சிடலாமா மேடம்? நாற்காலி உடைஞ்சது நிகழ்வுதானே?”

எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. ஒன்பதாவது நாற்காலியை நடுவில் போட்டு நாலு பேரும் மாறி மாறி ஏறிக் குதித்தார்கள். தங்கச்சியும் குதித்தாள். அரைமணி நேரம் குதித்த பிறகு ஒரு கால் சடாரென்று முறிந்தது. கைதட்டினார்கள். மேடம் பேனாவைத் திறந்தார், நாற்காலியைக் குனிந்து பார்த்தார், பேனாவை மூடினார்.

“இதுல மரச்சாமான் பிரிவோட எண் போட்டிருக்கு. சொத்து அவங்களோடது. உடைஞ்சது அவங்க நிகழ்வு.”

“இவ்வளவு நேர்மை உடம்புக்கு ஆகாது மேடம்” என்றார் முதல் அறைக்காரர், மூச்சு வாங்கிக்கொண்டே.

பகல் ஒரு மணி ஆயிற்று. இரண்டு மணி ஆயிற்று. இரண்டாம் அறைக்காரருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. அவர் குழந்தைகளின் படத்தைக் கையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். மேடம் ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சிக்குத் தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை பேர் வயிற்றில் அடித்துவிட்டோமே, அதுவும் சொந்த அண்ணனை ஏழாவது தடவையாக வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தப் போகிறோமே என்று குமுறினாள்.

மூன்றரைக்கு அண்ணன் அவள் தோளைத் தட்டினான். “நீ கீழ போ. நாலு மணிக்கு நீதானே அதை ஓட்டணும்? லேட்டா போனா அந்த மீசை கத்துவாரு.”

“அண்ணே…”

“போ தங்கச்சி. நாங்க ஏதாவது பாத்துக்கறோம்.”

இரண்டாவது மாடியில் பணியாளர் அதிகாரி அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுத் தயாராக இருந்தார். சரியாக நாலு மணிக்கு அவளே தன் விரலால் ‘அழி’யை ஓடவிட்டாள். திரையில் பெயர்கள் ஓடின. ‘பழைய சாவிகள் – காலி – அழிக்கப்பட்டது.’ ‘விழா ஏற்பாடு – காலி – அழிக்கப்பட்டது.’ ‘வருங்காலத் திட்டங்கள் – காலி – அழிக்கப்பட்டது.’ இருநூறுக்கு மேல் போயின. கடைசியில் அது வந்தது.

‘இன்னும் உள்ளே – காலியாக இல்லை – தொடவில்லை.’

தங்கச்சி நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாள். அதிகாரியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். “இருக்கு சார்! ஃபைல் இருக்கு!”

“அப்படி என்ன ஃபைல்? திற பாப்போம்” என்றார் அவர்.

திறந்தாள். ஆறு வரிதான் இருந்தது.

‘மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு, துணை மேனேஜர் பதவியிலிருந்து இன்று நான் விலகிக்கொள்கிறேன். எனக்கு இந்தப் பிரிவில் ஒரு குறையும் இல்லை. எட்டு மாதமும் சந்தோஷமாக இருந்தேன். இந்தப் பிரிவு தொடர்ந்து நடக்கவேண்டியிருப்பதால் விலகுகிறேன்.’

அதற்குக் கீழே மேடத்தின் கையெழுத்து, கோணல்மாணலாக. ‘இந்நிகழ்வு இப்பிரிவில் உண்மையாகவே நடந்தது என்று சான்றளிக்கிறேன்.’

“அடடே!” என்றார் அதிகாரி. “வெற்று இல்லை, நகல் இல்லை. ராஜினாமாவை மேனேஜர் பேருக்குத்தான் எழுதணும், அதனால மூலம் அவங்க ஃபோல்டர்லயேதான் இருக்கும். எல்லா விதியும் சரியா இருக்கு. இவ்வளவு சுத்தமான ஃபைலை நான் பார்த்ததில்லை, தங்கச்சி!”

அவள் காதில் எதுவும் விழவில்லை. படிக்கட்டில் விழுந்தடித்து ஓடினாள். தெருமுனையில், பேருந்து நிறுத்தத்தில், சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அண்ணன் நின்றிருந்தான்.

“உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?” என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். “யாரைக் கேட்டுண்ணே எழுதின?”

“யாரைக் கேட்கணும்? மேடத்துக்கு இன்னும் பதினாலு மாசம். ரெண்டாம் அறைக்காரர் வீட்டுல ரெண்டு கைக்குழந்தை. முதல் அறைக்காரருக்கு இந்த வயசுல எவன் வேலை குடுப்பான்? நாலு பேர்ல ஒருத்தர் போனா மூணு பேர் இருக்கலாம். வேலை தேடிப் பழகினவன் நான் ஒருத்தன்தானே?”

“இப்பவே போய் அந்த ஃபைலை எடுத்துடறேன்.”

“எடு. எடுத்தா காலி. அடுத்த தடவை துடைக்கும்போது மூணு பேரும் வெளியே.”

“அப்ப காலியான இடத்துக்கு மறுபடி மனு போடு. திங்கட்கிழமை விளம்பரம் வரும்.”

“என்னைத் திரும்ப எடுத்துக்கிட்டா நான் போனது ரத்தாயிடும். அப்புறம் அந்த ஃபைல் எப்படிச் செல்லும்? யோசிச்சுட்டேன், விடு. நீதான் ரொம்பப் பத்திரமா எழுதி வச்சிருக்கியே.” சிரித்தான். கோபமே இல்லாத அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. நடுத்தெரு என்றும் பார்க்காமல் தேம்பித் தேம்பி அழுதாள். அண்ணன் அவள் தலையில் கை வைத்து, “ஏய், ஏய், மூக்கைத் துடை, நாலு பேர் பாக்கறாங்க” என்றான்.

அப்போது அவன் போன் அடித்தது. அண்ணிதான். வேலை நேரத்தில் தெருச் சத்தம் கேட்டதும் அவளுக்குப் பகீர் என்றிருக்கவேண்டும். என்னாச்சு, இதையும் மூடிட்டாங்களா என்று அவள் கத்தியது தங்கச்சிக்கே கேட்டது.

அண்ணன் முதுகை நிமிர்த்தினான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“மூடலடி” என்றான். “ஆபீஸ் நல்லாத்தான் நடக்குது. நான்தான் விட்டுட்டு வந்துட்டேன்.” போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, இன்னும் சத்தமாக, “உங்கப்பாகிட்டயும் சொல்லு. அது நல்லா நடக்குதுன்னு சொல்லு” என்றான்.